ஐந்து நோய் இல்லை, இரண்டுதான்: கொடுங்கையூர் வாசகிக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: கொடுங்கையூரில் ஐந்து கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். மூன்று கறவை, ஒன்று எட்டு மாதச் சினை, ஒன்று ஆறு மாதக் கிடாரிக் கன்று. முப்பது வருஷமாக என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். மூட்டுவலியில் அத்தை உட்கார்ந்துவிட்டதால் ஆறு மாதமாக நான் பார்க்கிறேன். ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. சாணி இரண்டு நாள் தண்ணியாகப் போகிறது, பிறகு தானாகச் சரியாகிறது. சொசைட்டியில் கொழுப்பு 2.9 என்று விலையைக் குறைக்கிறார்கள். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை. கறுப்பு மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறது, தரகர் அதை விற்றுவிடச் சொல்கிறார். செவலை மாட்டுக்கு அதே பின் வலது காம்பில் இரண்டாவது முறையாக மடிநோய். இன்னொன்றுக்கு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வைக்கோல் விலை ஏறிவிட்டதால் பாதியாகக் குறைத்துவிட்டேன். தெருமுனை மெஸ்ஸிலிருந்து மீந்த சோறும் கஞ்சியும் கிடைக்கிறது, அதோடு தவிடும் காய்கறிக் கழிவும் போடுகிறேன். ஐந்து மாட்டுக்கு ஐந்து நோய் என்றால் எதை முதலில் கற்றுக்கொள்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் தீனி விவரம்தான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஐந்து என்று எண்ணியிருப்பது எனக்கு இரண்டாகத் தெரிகிறது. ஒன்று தீனித் தொட்டியில் இருக்கிறது. மற்றொன்று கறப்பவரின் கட்டைவிரலில்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஓர் ஊறல் பானை. அதிலுள்ள நுண்ணுயிரிகள்தான் வைக்கோலை உணவாக்குகின்றன. மாட்டுக்கு நாம் போடும் தீனி உண்மையில் அவற்றுக்குத்தான். வைக்கோலைக் கரைக்கும் கூட்டம் மெதுவாக வேலை செய்யும், புளிப்பு அதிகமானால் செத்துப்போகும். வெந்த சோற்றைத் தின்னும் கூட்டம் வேகமாகப் பெருகி அமிலத்தைக் கக்கும். அந்த அமிலத்தை முறிப்பது மாட்டின் உமிழ்நீர். ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும், அதில் நம் சமையல் சோடாவில் இருக்கும் அதே சரக்கு இருக்கிறது. ஆனால் அது சுரப்பது மென்று அசை போடும்போதுதான். சோற்றை மாடு மெல்வதில்லை, விழுங்குகிறது. நீங்கள் வைக்கோலைப் பாதியாக்கிச் சோற்றைக் கூட்டியதில் அமிலம் ஏறியது, அதை முறிக்கும் மருந்தும் அதே நேரத்தில் குறைந்தது.

மற்றவையெல்லாம் இதிலிருந்து வரிசையாக வருபவை. வயிறு புளித்த நாளில் சாணி இளகும். மாடு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்ளும், புளிப்பு இறங்கும், சாணி கெட்டியாகும். பசித்ததும் மறுபடி சோறு. 'இரண்டு நாள் போகிறது, தானாகச் சரியாகிறது' என்று நீங்கள் எழுதியது இந்தச் சுற்றைத்தான். பால் கொழுப்பு பெரும்பாலும் வைக்கோல் செரிப்பதில் பிறக்கும் அமிலத்திலிருந்து உருவாகிறது. வைக்கோலைக் கரைக்கும் கூட்டம் நலிந்தால் கொழுப்பு இறங்கும். காலுக்கும் இதே கதைதான். புளித்த வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் நச்சுகள் குளம்புக்குள் இருக்கும் மென்சதையை வீங்கவைக்கும். சிமெண்ட் தரையில் நிற்கும் மாட்டுக்கு அந்த வலி இரட்டிப்பு. கறுப்பு மாடு காலை மாற்றி மாற்றி வைப்பதற்குத் தொடையிலும் முட்டியிலும் காரணம் தேட வேண்டாம், குளம்பைப் பாருங்கள்.

சொசைட்டியில் உங்கள் மேல் விழுந்த சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. சீட்டில் கொழுப்பு ஓர் எண்ணாகவும், கொழுப்பற்ற திடப்பொருள் இன்னோர் எண்ணாகவும் இருக்கும். தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். புளித்த வயிறு கொழுப்பை மட்டும் பெரிதாக இறக்கும், மற்றது ஏறக்குறைய அப்படியே நிற்கும். பத்து நாள் சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: கன்றுக்குக் கடைசிப் பாலை விடுகிறீர்களா? மடியில் கடைசியாக வரும் பால்தான் கொழுப்பு மிகுந்தது. கன்றுக்கு முதலிலும் நடுவிலும் விட்டுவிட்டு, ஒட்டக் கறந்த பாலை ஊற்றினாலே சீட்டில் வித்தியாசம் தெரியும்.

சோற்றை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். வயிற்றிலுள்ள கூட்டம் மாற இரண்டு வாரமாவது வேண்டும். திடீரென்று மாற்றினால் மாடு தீனியையே விட்டுவிடும். இப்போது போடுவதில் மூன்று நாளைக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு மாட்டுக்கு ஒரு நாளுக்கு இரண்டு கிலோவுக்குள், இரண்டு வேளையாகப் பிரித்து, தவிட்டோடு பிசைந்து, அதுவும் வைக்கோல் தின்று முடித்த பிறகு என்று நிறுத்துங்கள். புளித்த சோறு, இட்லி மாவு, சாம்பார் கலந்த கழனித் தண்ணீர் எதுவும் வேண்டாம். மெஸ்காரர் கோபித்துக்கொண்டால் வாளியை வாங்கிவந்து மண்ணில் புதையுங்கள்; மாட்டுக்குள் புதைக்காதீர்கள்.

வைக்கோல் ஒரு மாட்டுக்குக் குறைந்தது ஐந்து கிலோ. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல நீளத்துக்கு நறுக்கலாம், பொடியாக்கக் கூடாது. பொடியை மாடு அசை போடாது. பசுந்தீவனம் 15 முதல் 20 கிலோ கிடைத்தால் நல்லது. மாதவரம், செங்குன்றம் பக்கம் ஏரிக்கரையில் அறுத்துவரும் புல்லாக இருந்தால் நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும், ஆகவே வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அதோடு சாணிப் பரிசோதனையும் அவசியம். அடர்தீவனத்துக்குக் கணக்கு எளிது: உடம்பைக் காக்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஏறக்குறைய ஆறு கிலோ, மூன்று வேளையாக. வீட்டிலேயே கலப்பதானால் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 35, புண்ணாக்கு 30, தவிடு 22, உளுந்து அல்லது துவரம் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. இந்தக் கலவையில் தாது உப்பு சேர்ந்துவிடுகிறது. வெறும் தவிடும் புண்ணாக்கும் போடும் வரை மாட்டுக்குத் தினம் 50 கிராம் தனியாகப் போடுங்கள். கடலைப் புண்ணாக்கை ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் அடுக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பூஞ்சை பூத்தது என்றால் தட்டிவிட்டுப் போடுவதல்ல, தூக்கி எறிவது. அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

மருந்துக்கடையில் செலவழிப்பதை வைக்கோலில் செலவழியுங்கள் என்று சொன்னால் கோபம் வரலாம். ஆனால் உங்கள் ஆறு மாதச் செலவைக் கூட்டிப் பாருங்கள், வைக்கோல் கட்டு மலிவு.

காய்கறிக் கழிவைச் சாக்கோடு தொட்டியில் கொட்டாதீர்கள். தார்ப்பாய் விரித்துக் கொட்டி, கையால் கிளறிப் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், கம்பி எல்லாவற்றையும் எடுங்கள். மாடு நம்மைப்போல நாக்கால் துழாவிப் பிரிக்காது. பிளாஸ்டிக் வயிற்றிலேயே உருண்டு பந்தாகத் தங்கும். அடிக்கடி உப்புசம், கொஞ்சமாகச் சாணி, தீனி இருந்தும் மெலிவு என்று மாதக்கணக்கில் இழுக்கும். கம்பி வேறு விதம். இரண்டாம் வயிற்றிலிருந்து நெஞ்சுப் பக்கம் குத்திக்கொண்டு போகும். மாடு முழங்கையை விரித்து நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும், பிறகு தாடையிலும் நெஞ்சிலும் நீர் வீக்கம். வீக்கம் வந்த பிறகு அறுவைசிகிச்சையாலும் பெரிதாகப் பலன் இருக்காது. வாய்வழியாக ஒரு காந்தத்தை மருத்துவரைக் கொண்டு செலுத்திவிட்டால் அது ஆயுசுக்கும் உள்ளேயே தங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீடு குப்பைக் கிடங்குப் பக்கம் என்பதால் இன்னொரு வார்த்தை: மாட்டைக் காலையில் அவிழ்த்துவிட்டு மாலையில் தேடிப் பிடிக்கும் பழக்கம் அத்தை காலத்தோடு போகட்டும். மாநகராட்சி பிடித்துக்கொண்டு போய் அபராதம் போடுவது ஒருபுறம். பழைய பேட்டரித் தகடு ஒன்றை நக்கினாலே போதும், ஈய நஞ்சில் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மாட்டுப் பொங்கலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தெருவில் உள்ள எல்லார் வீட்டுப் பொங்கலும், வடையும், வாழைப்பழமும் ஒரே காலையில் ஒரே மாட்டின் வாய்க்குள் போகும். மறுநாள் விடியற்காலை மாடு எழுந்திருக்காது. அன்று காலை முதலில் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிடுங்கள். வருபவர்கள் ஒரு பிடி ஊட்டட்டும், மீதியை ஒரு குண்டானில் வாங்கிக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது. அப்படியும் அதிகமாகத் தின்றுவிட்டால்: தீனியைத் தொடாமை, பல்லை நறநறவென்று கடிப்பது, இடது விலாவை முஷ்டியால் அசைத்தால் குடத்துத் தண்ணீர்போலத் தளும்பும் சத்தம், தள்ளாட்டம். மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில் மட்டும் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கடைவாய் ஓரமாகச் சிறுகச் சிறுக ஊற்றலாம். தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது, நாக்கை இழுத்துப் பிடிக்கக் கூடாது. புரையேறினால் நுரையீரல் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம்.

இனி வெயில். சென்னை மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிய கலப்பின மாடு நிமிஷத்துக்கு அறுபது எழுபது முறை மூச்சு வாங்கும், வாயிலிருந்து எச்சில் வடியும். அந்த எச்சில்தான் வயிற்றுக்குப் போக வேண்டிய சோடா. அதனால்தான் கோடையில் இதே சோறு இன்னும் அதிகமாகக் கெடுக்கிறது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து நனைத்துவிடுங்கள். மாட்டின் மேல் தண்ணீர் அடித்தால் கூடவே மின்விசிறி ஓட வேண்டும். கடற்காற்று ஈரத்தில் வெறும் தண்ணீர் ஆவியாகாது, கொட்டகை இட்லிப் பானையாகிவிடும். அடர்தீவனத்தை விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள், நடுப்பகலில் வேண்டாம். குடிதண்ணீர் கறவை மாட்டுக்கு 80 முதல் 100 லிட்டர். லாரித் தண்ணீர் வராத நாளில் முதலில் குறைவது பால்தான்.

அடுத்தது கட்டைவிரல். செவலை மாட்டைக் கறப்பவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் முட்டியால் காம்பை நசுக்கிக் கறக்கிறாரா என்று நாளைக்குப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். காம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அங்கேதான் கிழிகிறது, கிழிந்த இடத்தில் கிருமி குடியேறுகிறது. ஐந்து விரலாலும் உள்ளங்கையோடு காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக மூடிக் கறப்பதே சரி. வேகம் முதல் வாரம் குறையும். பாலில் விரலை நனைத்து வழவழப்பாக்கிக்கொள்வதும் வேண்டாம்.

ஒரே காம்பில் இரண்டாம் முறை என்றால் முதல் முறையே குணமாகவில்லை என்பதுதான் என் கணிப்பு. பால் வெள்ளையாகத் தெரிந்ததும், காம்புத் துளைக்குள் ஏற்றும் மருந்து டியூபை நிறுத்தியிருப்பீர்கள். பால் வெளுத்த பிறகும் சில கிருமிகள் மடிச் சதைக்குள் பதுங்கியிருக்கும், மாடு களைத்த நேரம் பார்த்து வெளியே வரும். இம்முறை மருந்து தொடங்குவதற்கு முன்பே பால் மாதிரி எடுங்கள். காம்பின் நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் மூன்று நான்கு பீச்சை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து ஐந்து முதல் பத்து மில்லி. ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று அங்கே வளர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். தெரிந்த மருந்தை, சொன்ன நாள் முழுதும் போடுங்கள். டியூப் அட்டையில் போட்டிருக்கும் நாள் முடியும் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. நல்ல காம்பின் பாலும் சேர்த்துத்தான், நான்குக்கும் இரத்தம் ஒன்று. வாடிக்கை வீட்டில் 'தயிர் உறையவில்லை' என்று சொன்னால் மருந்துப் பால் போயிருக்கிறது என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும்.

மடி வீங்கி, காய்ச்சல் இல்லாமல், மாடு நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் ஆரம்ப நிலைக்கு நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பூச்சு ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து, மடியை ஒட்டக் கறந்து கழுவிய பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் குழைத்து ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். ஆனால் காய்ச்சல், தீனி மறுப்பு, மடி சில்லிட்டு நீலம் பாய்வது, பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ வருவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் கற்றாழையை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அது மாட்டின் உயிர்ப் பிரச்சினை.

மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனித் தட்டில் இரண்டு ஸ்பூன் பீச்சி, அதே அளவு கரைசல் ஊற்றி, ஒரு நிமிஷம் சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நல்லது. கோழைபோலத் திரிந்தால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது, கண்ணுக்குப் பால் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எல்லா மாட்டுக்கும் செய்யுங்கள்.

கறக்கும் வரிசையும் முக்கியம்: நோய் இல்லாதது முதலில், செவலை கடைசியில். முதல் பீச்சைத் தரையில் விடாமல் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுத் திரி இருக்கிறதா பாருங்கள். கறந்து முடித்ததும் காம்பு ஒவ்வொன்றையும் போவிடோன் அயோடின் 5 சதவீதம் ஆறு பங்கு, கிளிசரின் ஒரு பங்கு கலந்த குப்பியில் முக்குங்கள். கறந்த பிறகு அரை மணி நேரம் காம்புத் துளை திறந்தே இருக்கும். அந்த நேரம் மாடு படுக்காமல் இருக்கத் தொட்டியில் வைக்கோலைப் போடுங்கள். கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர் மாடு படுக்கும் இடத்தில் தேங்கினால் இதெல்லாம் வீண். தரைக்கு வாட்டம் வேண்டும், நாற்பது அடிக்கு ஓர் அடி. பால் இறங்க ஊசி போடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். அது பாலைக் கூட்டுவதில்லை, கன்று செய்ய வேண்டியதை ஊசி செய்கிறது, பிறகு ஊசி இல்லாமல் மாடு சுரப்பையே மறந்துவிடும்.

செவலை பால் வற்றும்போது, கன்று ஈனுவதற்கு அறுபது நாள் முன்பு, கடைசிக் கறவைக்குப் பிறகு நான்கு காம்புக்கும் வற்றுக்கால டியூப் போடச் சொல்லுங்கள். மறைந்த கிருமி போக அதுதான் சிறந்த நேரம். அதற்குப் பிறகும் பின் வலது மடிப் பகுதியில் கல்போலக் கட்டி இருந்தால் மூன்று காம்போடு மாட்டை வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம், நான்காவதுக்கு மருந்து தேடி ஓட வேண்டாம்.

சினை நிற்காத மாட்டுக்கு வருகிறேன். முதலில் தீனியைச் சரிசெய்து ஒரு மாதம் விடுங்கள். தாது உப்பு இல்லாமல் ஊசி போடுவது விதையில்லா மண்ணில் ஏர் ஓட்டுவது. பருவம் காட்டுவது கட்டுத்தறி மாட்டுக்கு மிகவும் மங்கல், ஒன்றின் மேல் ஒன்று ஏற இடமே இல்லை. அதனால் காலை நாலரை மணிக் கறவைக்கு முன்பும் இரவு பத்து மணிக்கும் மாட்டின் பிறப்புறுப்பைப் பாருங்கள். கண்ணாடிக் கயிறுபோல் தெளிந்த வழும்பு தொங்கினால் பருவம். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம், கருப்பைப் புண்ணுக்கு வைத்தியம் முதலில். பின்புறம் கொஞ்சம் இரத்தம் ஒழுகியது தெரிந்தால் இரண்டு நாள் முன்பே பருவம் போய்விட்டது என்று அர்த்தம். தேதியைக் குறியுங்கள், அன்றிலிருந்து பதினெட்டு பத்தொன்பது நாளில் மறுபடி வரும். ஊசி போடுபவர் உறைந்த விந்து அடைத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் முப்பது விநாடி வைத்து எடுக்கிறாரா, அக்குளில் வைத்துச் சூடாக்குகிறாரா என்றும் ஒரு கண் வையுங்கள். மூன்று ஊசி தவறிய பிறகு நான்காவது போடுவதற்கு முன் கருப்பையைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

எட்டு மாதச் சினைக்கு இப்போதே தயாராக வேண்டும். ஈனும் வரை கூடுதல் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். ஊற்றினால் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் பழக்கத்தை உடம்பு மறந்துவிடும், ஈன்ற பிறகு சட்டென்று தேவை எழும்போது தவிக்கும். ஈன்ற மூன்று நாளுக்குள் மாடு தள்ளாடி, காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்தால் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். நெஞ்சு தரையில் ஊன்றி உட்காரும்படி சாக்குமூட்டை அண்டக்கொடுங்கள், பக்கவாட்டில் சாயவிடாதீர்கள். கால்சியம் நரம்பில் மெதுவாக ஏற வேண்டிய மருந்து, அதை மருத்துவர் மட்டுமே போட வேண்டும். முதல் இரண்டு நாள் பாலை ஒட்டக் கறக்காமல் கன்றுக்குத் தேவையானதோடு கொஞ்சம் விட்டுவைப்பது இந்தத் தொல்லையைக் குறைக்கும். நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழவில்லை என்று அதில் செருப்பையும் செங்கல்லையும் கட்டுவது இன்னும் நடக்கிறது. கொடி பாதியில் அறுந்து உள்ளே அழுகும். ஈன்ற மூன்றாம் நான்காம் வாரத்தில் அடர்தீவனத்தை ஒதுக்கி வைக்கோலை மட்டும் மெல்ல ஆரம்பித்தால் உடம்பில் சர்க்கரை பற்றவில்லை. வெல்லத்தை வாயில் ஊட்டுவதால் பயனில்லை, அது வயிற்றுக் கிருமிகளுக்கே போய்ச் சேரும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கோமாரிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை அரசு முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள், தவறவிடாதீர்கள். ஆறு மாதக் கிடாரிக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே முறை போட வேண்டியது. வயது தாண்டுவதற்குள் போட்டுவிடுங்கள். அந்தக் கன்றுவீச்சு நோய் மனிதருக்கும் வரும்: கன்று வீசிய மாட்டை வெறும் கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். தெருநாய் கடித்த மாட்டுக் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி அன்றே தடுப்பூசித் தொடரை ஆரம்பிக்க வேண்டும். எச்சில் ஒழுகும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடுவதுதான் வெறிநோயில் பலர் செய்யும் தவறு. மழையில் வெள்ளம் புகுந்த கொட்டகையில் எலி மூத்திரத்தின் வழியாகவும் காய்ச்சல் பரவும், வெறுங்காலோடு இறங்காதீர்கள். உண்ணிக்கு மாட்டின் மேல் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, சுவர் வெடிப்பிலும் அடிக்க வேண்டும்.

எதை முதலில் கற்றுக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். நோயை அல்ல, நோயில்லாத மாட்டை. பதினான்கு நாள், எல்லா மாடும் நன்றாக இருக்கும்போதே, நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசனவாயில் டிஜிட்டல் வெப்பமானி வைத்து உடம்புச் சூடு: 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மாடு நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணி மூச்சு: காலையில் முப்பதுக்குள். இடது விலாப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிஷம்: இரண்டு மூன்று முறை அலை எழுந்து கையைத் தள்ள வேண்டும். கடைசியாகப் பால், மாடு வாரியாக, வேளை வாரியாக. கூடவே, படுத்திருக்கும்போது ஒரு கவளத்துக்கு எத்தனை முறை மெல்கிறது என்றும் எண்ணுங்கள். ஐம்பதை ஒட்டி இருந்தால் வைக்கோல் போதுமானது, முப்பதுக்குக் கீழே போனால் போதாது.

அத்தைக்கு இந்த எண்கள் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் 'இது காலையிலிருந்தே சரியில்லை' என்று அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். அவரைத் தினமும் அரை மணி நேரம் கொட்டகைப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். எந்த மாடு சரியில்லை என்று அவர் சொல்லும்போது உடனே அந்த மாட்டின் நான்கு எண்களையும் எடுத்து, 'எதைப் பார்த்துச் சொல்றீங்க அத்தை?' என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். காது தொங்கியதா, முதுகு வளைந்ததா, மூக்குத்துவாரம் உலர்ந்ததா. அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கேட்கக் கேட்க வார்த்தை வரும். அவசரம் என்றால் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. அழைக்கும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைச் சொன்னால் வருபவர்கள் பாதி வேலையோடு வருவார்கள்.

நாளைக் காலை ஒரு வேலை. ஒரு கைப்பிடிச் சாணியை மாவுச் சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். அந்தச் சல்லடை அதற்கப்புறம் மாட்டுக்கு மட்டும்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நுரை, தானியத் துண்டு, செரிக்காத தவிட்டு உமி, சளிபோன்ற சவ்வு எவ்வளவு தங்குகிறது என்று பார்த்துக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். பதினைந்தாம் நாள் அதே மாட்டுக்கு அதே சல்லடையில் மறுபடி. சாணி முதலில் மாறும், பிறகு மூன்று நான்கு வாரத்தில் சொசைட்டிச் சீட்டு. குளம்புதான் கடைசி: உள்ளே பட்ட காயம் புதுக் குளம்பு வளர்ந்து கீழே தள்ளப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் குளம்பு சீவுபவரைக் கொண்டு கறுப்பு மாட்டின் முனையைச் சரிசெய்யுங்கள், நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள். தரகர் சொன்ன விலைக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கும் இது காலக்கணக்குத்தான் என்று தெரியும்.